வராக்கடன் என்று எழுதிவிட்டு அடுத்த குழிக்கு

(காரைக்குடியில் நண்பர் ஒருவர் வீட்டு வளவில், மாலை நேரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல் இருக்கும், சென்னையில் வேலை பார்க்கிற நம் ஊர்த் தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். குரலே சரியில்லை. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்துவிட்டேன். "அண்ணே, இன்னைக்கு கோல்ஃப்ல 118 அடிச்சேன். கிளப் மட்டையையெல்லாம் வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். இதற்கா இந்த நேரத்தில் கூப்பிட்டாய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் பந்து மரத்துக்குள் போகும். திறந்தால் மறுபடியும் போகும். அவரிடம் அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோல்ஃபில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை ஷாட்டில் போட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் பார். பெரும்பாலான மைதானங்களில் 18 குழிக்கும் சேர்த்துப் பார் 72, அல்லது அதற்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைப் பேசலாம்.

கொடைக்கானலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோல்ஃப் அந்த மலைக்கு 1895லேயே வந்துவிட்டது. காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் வெயில், நடுவில் காட்டெருமை வந்து நின்றால் அது போகிற வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு என் மகனும் நானும் ஆடினோம். முதல் பத்துக் குழிகள் வரை என் தரத்துக்கு மிக நல்ல ஆட்டம். 11வது குழி, பார் 4. ஆட்டம் தொடங்குகிற இடமான டீயிலிருந்து அடித்த முதல் ஷாட் வலது பக்கம் மரங்களுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தால் பந்து நன்றாகத்தான் கிடக்கிறது. முன்னால் இரண்டு மரங்கள், நடுவில் நம் வீட்டு ஜன்னல் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியே தூரத்தில் கொடி தெரிகிறது.

பக்கவாட்டில் மெதுவாகத் தட்டிப் புல்வெளிக்குக் கொண்டுவந்திருக்கலாம். அது இரண்டாவது ஷாட். மூன்றாவது, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் தரையான கிரீனுக்கு. அங்கே பந்தைக் குழிக்குள் உருட்டுகிற தட்டல், அதாவது பட், இரண்டு. மொத்தம் 5. நான் அந்த ஜன்னலைப் பார்த்து அடித்தேன். மரத்தில் பட்டுப் பந்து எனக்குப் பின்னால் போய் விழுந்தது. மறுபடியும் அதே ஜன்னல். இந்தத் தடவை புதருக்குள். அங்கிருந்து அடிக்கவே முடியாது என்று ஒரு தண்டனை ஸ்ட்ரோக்கை, அதாவது கணக்கில் ஓர் அடி கூடுதலை, ஏற்றுக்கொண்டு எடுத்து வைத்தேன், கணக்கு 4 ஆகிவிட்டது. ஐந்தாவது ஷாட்டில் வெளியே வந்தேன். கோபத்தில் அவசரமாக அடித்த ஆறாவது மணல் குழிக்குள். ஏழாவது மணலிலேயே கிடந்தது. எட்டாவது கிரீனில் ஏறியது. இரண்டு பட். 10.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று சாயந்திரம் ஸ்கோர் எழுதிய கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மரத்துக்குள் போன அந்த முதல் ஷாட் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது? ஒரே ஒரு ஸ்ட்ரோக். 4 வர வேண்டியது 5 ஆகியிருக்கும். மற்ற ஐந்தும் அந்த ஒன்றை உடனே மீட்க வேண்டும் என்று துடித்ததால் போனவை. குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். என் விஷயத்தில் தள்ளியது மட்டும்தான் குதிரை, குழி பறித்தது நான்.

இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு இது புதுசு இல்லை. சின்ன வயதில் அப்பச்சி, அதாவது என் அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகினேன். ஒரு பற்று வராது என்று தெரிந்த பிறகும் வரும் என்றே பேரேட்டில் வைத்திருந்தால் அந்த வருஷ ஐந்தொகையே பொய் என்பார். அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் சொல்வார். வராத ஆளுக்கே இன்னும் கொஞ்சம் கொடுத்தால் பழையதும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைப்பது. வராக்கடனை வராக்கடன் என்று எழுது, எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பு என்பார். அவருடைய அப்பச்சி, எங்கள் ஐயா, 1942இல் பர்மாவில் கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு நடந்தே வந்தவர். இந்த ஊரில் அப்படி வந்தவர்கள் இல்லாத தெரு இல்லை. அந்த இழப்போடு ஒரு விளையாட்டை நான் ஒப்பிடவே மாட்டேன். அப்பச்சிக்கு அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்பதற்காக மட்டும் சொல்கிறேன். எனக்கு அது கொடைக்கானல் மரத்தடியில் தேவைப்பட்டது, நான் மறந்துவிட்டேன்.

இந்த ஆட்டத்தின் சட்டமே வராக்கடனுக்கு இடம் வைத்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஹேண்டிகேப் என்று ஒரு கணக்கு. ஒருவருடைய திறமையை எண்ணாகச் சொல்வது. 2020இலிருந்து உலகம் முழுவதற்கும் ஒரே முறை வந்தது. அதில் நம்முடைய கடைசி 20 ஆட்டங்களை எடுத்து, மைதானத்தின் கடினத்தைக் கழித்து, அவற்றில் மிகச் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். மீதி 12 ஆட்டங்கள் சராசரிக்குள் வருவதே இல்லை. யோசித்துப் பாருங்கள், 20இல் 12! நல்லதைவிட மோசமானதே அதிகம் வரும் என்று தெரிந்த மனிதர்கள் போட்ட கணக்கு இது. குழிக்குக் குழியும் ஒரு வரம்பு உண்டு. என்னைப்போல் 18 ஹேண்டிகேப் உள்ளவர் பார் 4 குழியில் 10 எடுத்தாலும், ஹேண்டிகேப் கணக்கில் அது 7 என்றுதான் ஏறும். ஒரு கெட்ட குழி ஒரு மனிதனின் தரத்தைச் சொல்லிவிடாது என்பதை நான் வாயால் சொன்னால் ஆறுதல். அவர்கள் அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தம்பி போனில் இன்னொன்றும் சொன்னார். எட்டு அடி தூரத்து பட் ஒன்றைக்கூட அன்றைக்குப் போட முடியவில்லையாம். அதற்காகத் தன்னையே அவ்வளவு திட்டிக்கொள்கிறார். அமெரிக்காவில் இதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள், எட்டு அடியிலிருந்து போடுவது ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். டி.வி.யில் நமக்குக் காட்டுவது முன்னணியில் இருக்கிறவர்களை, அதுவும் பந்து உள்ளே விழுகிற நேரத்தில். அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற நாம் நம்மேல் கோபப்படுவது நியாயம் இல்லை.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடக்கிறது. டைகர் வுட்ஸ், அமெரிக்காவின் பெரிய போட்டியான மாஸ்டர்ஸில், 2020 போட்டியின் கடைசி நாளில் 12வது குழியில் 10 எடுத்தார். அது பார் 3. மூன்று பந்துகள் தண்ணீருக்குள் போயின. போட்டியில் ஜெயிக்கிற வாய்ப்பு அதற்கு முன்பே இல்லை, அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அப்படியும் மீதி இருந்த 6 குழிகளில் 5இல் பாரைவிட ஒன்று குறைவாகப் போட்டார். எனக்கு அவருடைய வெற்றிகளைவிட அந்தக் கடைசி ஆறு குழிகள் பெரிதாகத் தெரிகின்றன.

அந்தக் காலத்து அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் கதை வேறு மாதிரி. 1921, ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். அவருக்கு 19 வயது. பிரிட்டிஷ் ஓபன் மூன்றாவது சுற்றில் ஆட்டம் கெட்டுக்கொண்டே போனது. 11வது குழியில் மணலில் மாட்டிக்கொண்டவர் பந்தைக் கையில் எடுத்து ஆட்டத்தைக் கைவிட்டார். அந்த மைதானமே பிடிக்காமல் போனது. பிற்காலத்தில் அதை நினைத்து அவர் வெட்கப்பட்டார். ஆனால் அதே ஊருக்குத் திரும்பி வந்தார். 1927இல் அங்கேயே ஓபனை ஜெயித்தார். 1930இல் அந்தக் காலத்தின் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வாங்கினார், அதில் ஒன்று அதே செயின்ட் ஆண்ட்ரூஸில். 1958இல் அந்த ஊர் அவருக்கு நகர உரிமை கொடுத்துக் கௌரவித்தது. 19 வயதில் பாதியில் விலகிய பையன் என்று ஊர் அவரை ஒதுக்கவில்லை. கிளப்பை விற்கப்போகிறேன் என்கிற தம்பிமார்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டு அதிதி அசோக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம், ஒரே ஸ்ட்ரோக்கில் பதக்க வாய்ப்பு போனது. அப்புறம் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு. கடைசி நாள் காலையில் 7 ஸ்ட்ரோக் முன்னணியில் நிற்கிறார். அன்றைக்கு என்று பார்த்து 77. தங்கம் போய் வெள்ளி வந்தது. ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அந்த வெள்ளிதான். அன்றைய செய்திகளில் பலரும் போன தங்கத்தைப் பற்றியே பேசினார்கள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ அந்தப் பெண் மறுபடியும் எங்கேயோ ஒரு மைதானத்தில் முதல் டீயில் பந்தை வைத்து நின்றிருப்பார். அந்த நிற்றலைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எனக்கு வருத்தம்.

சரி, மைதானத்தில் நிற்கும்போது என்ன செய்வது? கோபம் வந்தால் முதலில் கையில்தான் தெரியும். பிடி இறுகும். பிடி இறுகினால் தோள் இறுகும், சுழற்சி அவசரப்படும், அடுத்த ஷாட்டும் கெடும். அதனால் நான் மனசை அடக்கப் பார்ப்பதில்லை, விரலைத் தளர்த்துகிறேன். அது முடிகிற காரியம். அப்புறம் நடை. நாலு மணி நேர ஆட்டத்தில் பந்தை அடிக்கிற நேரத்தை மட்டும் கூட்டினால் சில நிமிடங்கள்தான் வரும், மற்றதெல்லாம் நடையும் காத்திருப்பும். கெட்ட ஷாட்டுக்குப் பிறகு நாம் எல்லோரும் வேகமாக நடக்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இரண்டாம் நாள் பாதத்தில் கொப்புளம் கண்ட பிறகு யாராவது பழனி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவார்களா? அடுத்து எங்கே தங்கல், எங்கே சாப்பாடு, அவ்வளவுதான். கார்டின் மொத்தத்தை நடுவில் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தை நான் அந்த யாத்திரையை நினைத்துத்தான் விட்டேன். 18 முடிகிற வரைக்கும் கூட்டுவதில்லை.

ஆனால் எழுதுவதை மட்டும் அந்தந்தக் குழியிலேயே எழுத வேண்டும், உள்ளபடி எழுத வேண்டும். 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17வது குழியில் 3 எடுத்தார். கூட ஆடியவர் கார்டில் 4 என்று தவறாக எழுத, இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்துப் போட்டபின் அந்த 4தான் செல்லும். சமநிலையில் முடிந்திருக்க வேண்டியது, ஒரு ஸ்ட்ரோக்கில் பட்டம் போயிற்று. நன்றாக ஆடியவருக்கே கணக்கு இவ்வளவு முக்கியம் என்றால், மோசமாக ஆடிய நாளில் 10ஐ 8 என்று எழுதிக்கொள்கிறவர் யாரை ஏமாற்றுகிறார்? அப்படி எழுதின கடன் தீராது, ராத்திரி பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டும்.

ஆட்டம் முடிந்த பிறகு மைதானத்தையும் காற்றையும் பை தூக்கி வருகிற கேடியையும் குறை சொல்வது நம்மில் நிறைய உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேடிப் பையன்கள் மேல் எரிந்து விழுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. வயிற்றுப்பாட்டுக்கு நம் பையைச் சுமக்கிற பிள்ளைகள் அவர்கள். வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அதே ரகம். மறுநாளே டிரைவர் என்கிற மட்டையைப் புதிதாக வாங்கக் கடைக்குப் போவதும் வேண்டாம். ஒரு வாரம் போகட்டும். கார்டை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில்தான் ஓட்டை தெரியும். எனக்குப் பட்டிங்கில் தெரிந்தது. அதற்குக் கொடைக்கானல் வரை போக வேண்டியதில்லை.

இந்த வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த இந்தத் தளத்திலேயே பழகலாம். பூ வரிசையைப் பார்த்து உருட்டினால் பந்து நேர்கோட்டில் போகிறதா என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம் முற்றத்தில் இறங்கினால் அங்கே வாட்டம் இருக்கிறது. மழைத் தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் கொடுத்த வாட்டம். கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். கிரீனில் நம்மை ஏமாற்றுவதும் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை 11வது குழி முடிந்ததும் மகன் பென்சிலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். "அப்பச்சி, எத்தனை போடட்டும்?" என்று கேட்டான். அவனும் எண்ணியிருந்தான், அவனுக்குத் தெரியும். பத்து என்றேன். எழுதினான். 12வது டீக்கு நடந்தோம். பனி விலகியிருந்தது.

அந்தக் கார்டு என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். முகப்பில் பட் போடுகிற மட்டையான பட்டர் ஒன்றும் நாலு பந்தும் வைத்திருக்கிறேன். காபி வருவதற்குள் தம்பிமார்கள் முற்றத்து வாட்டத்தில் ஒரு தடவை உருட்டிப் பாருங்கள்.