கிணற்றடிக்கு வரவேண்டிய விரிவுரை

நேயர்களுக்கு வணக்கம்.

வலுசக்தி, காலநிலை, சுற்றாடல் பற்றிப் பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்காக நடத்தும் நிகழ்வுகள் எப்படி இருக்கவேண்டும் என்று பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துத் தோட்டங்களில் விவசாயப் போதனாசிரியராக வேலைசெய்து ஓய்வுபெற்றவள் நான். எனக்குத் தெரிந்த இடம் கிணற்றடி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழைதான் எங்கள் தண்ணீர். அது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அந்த ஒரு கிணற்றுக்கு மட்டும் உரிய அதிசயம் அல்ல அது. எங்கள் காலுக்குக் கீழே பரந்து கிடக்கும் அமைப்பே அதுதான்.

கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுப் பாரமானது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். நீரியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. இதைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை நிரந்தரமாக 1 மீற்றர் இறக்கினால், கீழே உப்பு 40 மீற்றர் மேலேறும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளும் குகைகளும் இந்தக் கணக்கை இடத்துக்கு இடம் மாற்றும். ஆகவேதான் உரும்பிராய்க்குச் சரியான அளவு புங்குடுதீவுக்குச் சரிவராது. ஒவ்வோர் ஊரிலும் அளந்துதான் சொல்லவேண்டும்.

இனி வலுசக்திக்கு வருகிறேன். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதரின் உடல்வலுதான் இறைப்புக்கு எல்லை. பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் பம்ப் வந்தது. எண்ணெய் விலை எல்லையானது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதை எந்தத் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் மறக்கமாட்டார்கள். அந்த அடியோடு பலரின் பார்வை சோலர் பம்பின் பக்கம் திரும்பியது. நல்லது. புகை இல்லை, சத்தம் இல்லை, எண்ணெய் வரிசை இல்லை. நான் இப்போதும் சேவையில் இருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால், அதோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. வெயில் இருக்கும்வரை பம்ப் சும்மா ஓடும் என்றால், அதை எப்போது நிறுத்துவது? எண்ணெய்க் காசு முன்பு செய்த காவலை இனி எது செய்யப்போகிறது? வலுசக்திப் பக்கத்திலிருந்து பார்த்தால் முழு வெற்றியாகத் தெரிவது, நிலத்தடி நீரின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆபத்தாக மாறலாம். அதற்குச் சொட்டுநீர்ப் பாசனம் உண்டு, தூவல் பாசனம் உண்டு, இறைப்பு நேரத்தை ஊராகக் கூடி ஒழுங்கு செய்யும் வழியும் உண்டு. இவற்றைச் சோலர் பம்போடு சேர்த்துச் சொல்லவேண்டும். தனித்தனியாகச் சொன்னால் பயன் பாதிதான்.

இங்கேதான் பல்கலைக்கழகம் தேவைப்படுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் துறையில் சூரியக் கலங்களை ஆராய்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. நிலத்தடி நீரைப் பல வருடங்களாக அளந்து எழுதியவர்களும் எங்களுக்குள் உண்டு. உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து எங்கள் கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டிவிட்டதை அவர்கள்தான் எடுத்துக்காட்டினார்கள். அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. வெயிலைப் படித்தவரும் தண்ணீரைப் படித்தவரும் ஒரே மேடையில், தோட்டக்காரருக்கு முன்னால் இருந்து பேசவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இங்கும் வெளியூர்களிலும் நான் போய்க் கேட்ட பொது விரிவுரைகள் பல. அழைப்பிதழில் ‘பொதுமக்கள் அனைவரும் வருக’ என்று போட்டிருக்கும். நேரம் வேலைநாளில் காலை ஒன்பது மணி. அந்த நேரம் தோட்டத்தில் இறைப்பு நடக்கும். கடலுக்குப் போனவர் மீனை விற்றுவிட்டு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார். உரை ஆங்கிலத்தில். கேள்விக்கு ஒதுக்கிய நேரத்தை முன்வரிசையில் இருப்பவர்களே எடுத்துக்கொள்வார்கள். பொதுமக்கள் வராததற்குக் காரணம் அக்கறையின்மை என்று பிறகு சொல்வது எனக்கு மனவருத்தம் தருகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் அவர்கள் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கிய மண் இது. சோலர் மின்சாரத்தைத் தமிழில் விளங்கப்படுத்த முடியாது என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

கேள்வி எங்களிடம் நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன்னர் முழு நாடும் இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்த கோளாறு என்று சொன்னார்கள். எல்லோரும் குரங்கைப் பற்றியே கதைத்தோம். இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலர் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் எடுத்துச் சோலர் பூட்டிய ஒருவர் என்னிடம், “இவ்வளவு வெயில் எறிக்கேக்க ஏன் நிப்பாட்டச் சொல்லுகினம், ரீச்சர்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதிலும் உண்டு. நீர்மின், அனல்மின் நிலையங்களில் பாரமான சுழலிகள் சுற்றுகின்றன. எங்காவது திடீரென்று கோளாறு வந்தால், அந்தச் சுழற்சியின் வேகம் உடனே விழுந்துவிடாது; மற்ற நிலையங்கள் ஈடுகொடுக்கச் சில விநாடி கிடைக்கும். சோலர் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. விடுமுறை நாளில் தொழிற்சாலைகளும் கந்தோர்களும் பூட்டியிருக்கும், மின்தேவை குறையும், வெயிலோ உச்சத்தில் இருக்கும். சோலரின் பங்கு கூடி, சுழலிகளின் பங்கு குறையும்போது சின்னக் கோளாறும் முழு வலையமைப்பையும் விழுத்தக்கூடும். இதற்குப் பெரிய மின்கல அடுக்குகளும், சோலர் மின்சாரத்தை வலையமைப்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வேட்டர்களில் வலையமைப்பைத் தாங்கக்கூடிய புதிய வகையும் வேண்டும். 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது நாட்டின் இலக்கு. மின்கலங்களைப் பற்றிய பேச்சில்லாமல் அந்த இலக்கைப் பற்றிப் பேசமுடியாது. இவ்வளவையும் ஒரு மாலையில், கரும்பலகையில் நாலு கோடு கீறி விளங்கப்படுத்தலாம். அப்படி ஒரு மாலை கிடைத்திருந்தால் அந்த மனிதர் தான் ஏமாற்றப்பட்டதாக நினைத்திருக்கமாட்டார்.

சுன்னாகத்தையும் சொல்லாமல் போகமுடியாது. மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்புக்கு முந்திய வருடங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு குழு ஒன்று சொன்னது, இன்னொரு குழு வேறொன்று சொன்னது. பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கும் தண்ணீரைப் பற்றி எந்த அறிக்கையை நம்புவது என்று தாய்மாருக்குத் தெரியவில்லை. அறிக்கை எழுதியவர்கள் அந்தச் சனத்தின் முன் இருந்து, எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எந்த முறையில் அளந்தோம் என்று சொல்லியிருந்தால் பயம் பாதியாகக் குறைந்திருக்கும். பொது விரிவுரையை நான் வெறும் சம்பிரதாயமாகப் பார்க்காததற்கு அந்த வருடங்களே காரணம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளுக்கு 24,000 கனமீற்றர். கடல்நீரை மென்சவ்வு வழியே அழுத்தி நன்னீராக்கக் கனமீற்றருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவை. 3 என்றே வைத்தாலும், முழுக் கொள்ளளவில் ஓடும் நாளில் 72,000 அலகு. 5 கிலோவாற் கூரைச் சோலர் ஒன்று நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 20 அலகு தரும். அப்படியானால் 3,600 கூரைகள்! எங்கள் குழாயில் வரும் தண்ணீரே இனி மின்சாரம்தான் என்பது இந்தக் கணக்கில் தெரியும். மழைநீரைக் குளங்களில் தேக்கி நிலத்துக்குள் இறக்குவதை வலுசக்தித் திட்டமாகவும் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தூர்ந்த குளம் ஒன்றைத் திருத்தினால் அயல் கிணறுகளில் நீர் உயரும். அந்தளவுக்கு ஆலையில் மின்சாரம் மிச்சம்.

தீவுகளுக்கும் இந்த மேடை போகவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குக் காற்று, சூரியன், மின்கலம், டீசல் நான்கும் சேர்ந்த கலப்பு மின்திட்டம் இந்திய உதவியோடு எடுக்கப்பட்டிருக்கிறது. சோளகமும் வாடையும் எந்த மாதத்தில் எப்படி வீசும் என்பதை அங்குள்ள கடற்றொழிலாளர் எந்தப் பொறியியலாளருக்கும் சொல்லிக்கொடுப்பார். அவர் கேட்பவராக மட்டும் இருக்கக்கூடாது. ஒரு கதிரை மேடையில் அவருக்கும் போடவேண்டும்.

எனவே பல்கலைக்கழகத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நான் கேட்பது இது. கைலாசபதி கலையரங்கில் நடத்துவதைத் தொடர்ந்து நடத்துங்கள். அதோடு, இந்த வருட மாரிக்கு முன்னர், கிணறுகளில் நீர் மிக இறங்கியிருக்கும் நாட்களில், ஒரு நிகழ்வை ஊருக்குள் வையுங்கள். ஒரு சனசமூக நிலையம் போதும். போயா தினத்தில் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் தோட்டக்காரரும் வருவார், பெண்களும் வருவார்கள். நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சின்னக் கருவியைக் கொண்டுவாருங்கள். உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அது உடனே காட்டும்.

தோட்டக்கார நேயர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அப்படி ஒரு கூட்டம் உங்கள் ஊரில் வைத்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு போத்தலை நன்றாகக் கழுவி எடுங்கள். பம்பைப் போட்டவுடன் வரும் தண்ணீரை ஒன்றில் பிடியுங்கள். இறைப்பு முடிந்து நிறுத்துவதற்குச் சற்று முன்னர் வருவதை மற்றதில் பிடியுங்கள். எது எந்தப் போத்தல் என்றும், எத்தனை மணித்தியாலம் இறைத்தீர்கள் என்றும் மேலே எழுதி ஒட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் உப்பு கூடியிருந்தால், எத்தனை மணிக்குப் பம்பை நிறுத்தவேண்டும் என்று அங்கேயே அவர்களிடம் கேளுங்கள்.

நன்றி. வணக்கம்.