நாளை பாகிஸ்தானுடன் ஹாக்கி: 10-2 திரும்ப வருமா?

வணக்கம். இன்றைய முதல் கேள்வி கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கிறது. வாசிக்கிறேன். "ஐயா, நாளை, 2024 செப்டம்பர் 14 அன்று சீனாவின் ஹுலுன்பூயரில், ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதுகின்றன. எங்கள் மைதானத்துக்கு மாலையில் ஆட வருகிறவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். சென்ற ஆண்டு ஹாங்சோவில் இந்தியா பாகிஸ்தானை வீழ்த்திய அந்த 10-2 மறுபடியும் வரும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பெரியவர்கள் 1982 தோல்வியை மறந்துவிடாதே என்கிறார்கள். நான், இந்தியா அரையிறுதிக்குப் போய்விட்டதால் கேப்டன் ஹர்மன்பிரீத்துக்கு நாளை ஓய்வு கொடுக்கலாம் என்கிறேன். யார் சொல்வது சரி?"

நல்ல கேள்வி. கோவில்பட்டியில் ஹாக்கி பற்றிச் சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியா ஜெயிக்கும், ஆனால் ஒரு கோல், மிஞ்சினால் இரண்டு கோல் வித்தியாசத்தில்தான் ஜெயிக்கும். 10-2 என்று எதிர்பார்த்து உட்காருகிறவர்கள் ஆட்டத்தை ரசிக்கவே முடியாமல் போய்விடும் என்பதுதான் என் கவலை.

அந்த 10-2 எப்படி வந்தது என்று பாருங்கள். 2023 செப்டம்பர் 30, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்த இரண்டு நாடுகளும் ஆடத் தொடங்கிய நாள்முதல் அதுவரை யாரும் யாரையும் எட்டு கோல் வித்தியாசத்தில் வீழ்த்தியதில்லை. அன்று ஹர்மன்பிரீத் ஒருவரே நான்கு கோல், வருண் குமார் இரண்டு கோல். ஆறு கோல்கள் இரண்டே டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்துத் தூக்கி எறிவது) வீரர்களிடமிருந்து வந்தவை. நாளைய அணியில் வருண் குமார் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ஹர்திக் சிங், மன்தீப் சிங், லலித் உபாத்யாய், ஷம்ஷேர் சிங், குர்ஜந்த் சிங் ஆகியோருக்கும் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். இவர்களில் மன்தீப், லலித், ஷம்ஷேர் மூவரும் ஹாங்சோவில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றுவிட்டார். ஆக, பெயர் அதே இந்தியாதான், ஆடப்போகும் அணி வேறு.

எதிர்ப்பக்கமும் மாறியிருக்கிறது. இந்தத் தொடரில் பாகிஸ்தான் இதுவரை தோற்கவில்லை. மலேசியாவுடன் 2-2, கொரியாவுடன் 2-2, ஜப்பானை 2-1, நேற்று சீனாவை 5-1. கடந்த மே மாதம் அஸ்லான் ஷா கோப்பையில் இறுதி வரை வந்து, ஜப்பானிடம் ஷூட் அவுட்டில்தான் தோற்றார்கள். பயிற்சியாளர் தாஹிர் ஸமான், 1994-இல் உலகக் கோப்பையை வென்ற பாகிஸ்தான் அணியில் ஆடியவர். வலுவான அணி எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அணியின் இளைஞர்களிடம் வேகமும் இருக்கிறது. ஹன்னான் ஷாஹித் பந்தோடு கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் நுழைவதைப் பார்த்தவர்கள் அவரை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தியாவின் கணக்கையும் சொல்கிறேன். சீனாவை 3-0, ஜப்பானை 5-1, மலேசியாவை 8-1, கொரியாவை 3-1. நான்கு ஆட்டங்களில் 19 கோல் அடித்து மூன்றே கோல் வாங்கியிருக்கிறார்கள். பாகிஸ்தான் அடித்தது 11, வாங்கியது 6. இந்த வித்தியாசம் உண்மையானது. அதனால்தான் இந்தியா ஜெயிக்கும் என்கிறேன். ஆனால் பாகிஸ்தானுடன் ஆடும்போது மட்டும் இந்தக் கணக்கு சுருங்கிவிடும். 2018 காமன்வெல்த் போட்டியில் 2-2. கடைசி நொடிகளில் பாகிஸ்தான் சமன் செய்தது. 2022 ஆசியக் கோப்பை, ஜகார்த்தா: அரியலூரிலிருந்து போன கார்த்தி செல்வம் தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே 9-ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். அந்த ஒரு கோலை வைத்துக்கொண்டு இந்தியா ஆட்டம் முழுவதும் தாக்குப்பிடித்தது. 59-ஆவது நிமிடத்தில் அப்துல் ராணா சமன் செய்துவிட்டார். 1-1.

இனி பெரியவர்கள் சொல்லும் 1982. 1982 டிசம்பர் 1, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி இறுதி ஆட்டம். முதல் கோலை அடித்தது இந்தியாதான். பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஸஃபர் இக்பால் அடித்தார். அதன்பிறகு ஏழு கோல் வாங்கி 7-1 என்று தோற்றோம். அதை நினைவுபடுத்துகிற பெரியவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தோல்வியில் நான் மறக்கக் கூடாது என்று நினைப்பது வேறு விஷயம். கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகியை இந்த நாடு நடத்திய விதம்! விலைபோய்விட்டார் என்று வாய் கூசாமல் பேசினார்கள். நடுக்களமும் தடுப்பு வரிசையும் உடைந்துபோன ஒரு நாளில், வலைக்கு முன்னால் நின்ற ஒரே மனிதர்மீது முழுப் பழியும் விழுந்தது. அவர் மனம் தளராமல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர்தான்.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், நாளை வலைக்கு முன்னால் மாறி மாறி நிற்கப் போவது கிருஷன் பதக்கும் சூரஜ் கர்கேராவும். ஸ்ரீஜேஷின் இடத்தில் நிற்பது எளிதல்ல. நாளை ஒரு பந்து கால் இடுக்கில் போய்விட்டால் உடனே செல்பேசியை எடுத்துத் திட்டி எழுதாதீர்கள். ஸ்ரீஜேஷும் பல ஆண்டுகள் வாய்ப்புக்குக் காத்திருந்துதான் ஸ்ரீஜேஷ் ஆனார்.

சரி, உங்கள் கருத்துக்கு வருகிறேன். இந்தியா 12 புள்ளியோடு முதலிடத்தை உறுதி செய்துவிட்டது. எட்டுப் புள்ளி வைத்திருக்கும் பாகிஸ்தான் நாளை ஜெயித்தாலும் 11-தான் வரும். அரையிறுதி திங்கட்கிழமை. அதனால் ஓய்வு கொடுக்கலாம் என்கிறீர்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கான காரணம் பெனால்டி கார்னரில் இருக்கிறது.

பெனால்டி கார்னரில் பந்து கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, எல்லைக் கோட்டிலிருந்து தள்ளிவிடப்படுகிறது. கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்தே பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து வட்டத்துக்கு வெளியே போய் வந்த பிறகுதான் கோலுக்கு அடிக்க முடியும். மட்டையை ஓங்கி அடித்தால் முதல் அடி 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் கோலுக்குள் போகக் கூடாது. டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மேல் மூலை வரை தூக்கி எறியலாம். அதனால்தான் ஹர்மன்பிரீத் போன்ற ஒருவருக்கு இவ்வளவு மதிப்பு. பாரிஸில் அவர் 10 கோல் அடித்தார். சென்ற ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் பாகிஸ்தானை 4-0 என்று வீழ்த்தினோமே, அதில் மூன்று கோல்கள் பெனால்டி கார்னரில் வந்தவை: ஹர்மன்பிரீத் இரண்டு, ஜுக்ராஜ் சிங் ஒன்று. ஓடும் ஆட்டத்தில் வந்த கோல், ஆகாஷ்தீப் அடித்தது ஒன்றுதான். ஸ்கோரைப் பார்த்தால் ஒருதலையான ஆட்டம்போலத் தெரியும். பெனால்டி கார்னரை எடுத்துவிட்டால் 1-0.

இப்போது விதியைக் கவனியுங்கள். ஹாக்கியில் ஓடும் ஆட்டத்திலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆனால் பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட நொடியிலிருந்து அது முடியும்வரை மாற்ற முடியாது. கேப்டன் வெளியே பெஞ்சில் இருக்கும்போது கார்னர் கிடைத்தால் அவரை உள்ளே அழைக்க வழியில்லை. ஜுக்ராஜ் நல்ல கை, மறுக்கவில்லை. ஆனால் பாகிஸ்தானுடன் ஆடும் ஆட்டத்தில் உங்களுக்கு நான்கைந்து கார்னர்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றுகூட வீணாகக் கூடாது. அதோடு, ஸ்ரீஜேஷ் இல்லாத இந்தத் தடுப்பு வரிசை நெருக்கடியில் ஆடிப் பழக நாளையைவிட நல்ல நாள் கிடைக்காது. மலேசியாவுடன் எட்டு கோல் அடித்தபோது தடுப்பாட்டத்துக்குச் சோதனையே வரவில்லை.

பாகிஸ்தான் பக்கமும் பெனால்டி கார்னருக்கு ஆள் இருக்கிறது. சுஃபியான் கான். ஹாங்சோவில் அவர்கள் அடித்த இரண்டு கோல்களில் ஒன்று அவருடையது. அவர் அடிக்கும்போது கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து ஓடுபவர் அமித் ரோஹிதாஸ். பந்துக்கும் வலைக்கும் நடுவே தன் உடம்பைக் கொண்டுபோய் வைக்கிற வேலை அது. என்னைக் கேட்டால் ஹாக்கியில் மிகத் துணிச்சலான வேலை, ஆனால் ஸ்கோர் பலகையில் அவர் பெயர் வராது. நாளை பாகிஸ்தானுக்குக் கார்னர் கிடைக்கும்போது பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாக்குவாதத்தில் சிலர், பாகிஸ்தான் ஹாக்கி முடிந்துவிட்டது என்று சிரிக்கிறார்களாம். நான்கு முறை உலகக் கோப்பை வென்ற அணி அது. மூன்று ஒலிம்பிக் தங்கம். இரண்டு நாடுகளும் மோதிய மொத்தக் கணக்கில் இன்றும் அவர்கள்தான் முன்னால் இருக்கிறார்கள். ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று ஒலிம்பிக்கிற்கும் அவர்களால் தகுதி பெற முடியவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் வீரர்கள் அல்ல. இந்தத் தொடருக்குச் சீனா போக விமான டிக்கெட்டையே கடனில் எடுத்தார்கள் என்று செய்தி வந்தது. நம் அணிக்கு 2018 முதல் ஒடிசா அரசு பின்னால் நிற்கிறது. அந்த ஆதரவு இல்லாமல் இரண்டு ஒலிம்பிக் வெண்கலம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். கடனில் வந்து இறங்கிய பிள்ளைகள் நான்கு ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காமல் நிற்கிறார்கள். எனக்கு அவர்கள்மீது மரியாதை கூடியிருக்கிறது. அவர்கள் வலுவாக இருந்தால்தான் இந்த ஆட்டத்துக்கு உயிர்.

ஆகவே நண்பரே, 10-2 என்கிற இளைஞர்களிடம் ஜகார்த்தாவின் 59-ஆவது நிமிடத்தைச் சொல்லுங்கள். முதல் கால் பகுதியில் பாகிஸ்தான் கோல் அடித்து முன்னால் போனாலும் யாரும் பதற வேண்டாம். இந்தியாவுக்கு எத்தனை பெனால்டி கார்னர் கிடைக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டே வாருங்கள். அரை நேரத்துக்குள் மூன்று கிடைத்துவிட்டால் ஆட்டம் நம்முடையது. நம் நேரப்படி மதியம் 1.15-க்குத் தொடங்குகிறது. சனிக்கிழமைதான், எல்லோரும் சேர்ந்து பாருங்கள்.