ராடு ஒட்ட எந்த எபாக்ஸி? பலத்தோட நம்பரை விடுங்க, நேரத்தைப் பாருங்க

வணக்கம். இந்த வீடியோல மீன் பிடிக்கிற தூண்டில் ராடு கட்டுறதுல ஒட்டுற வேலையை மட்டும் எடுத்துக்கலாம். மேசையில இருக்கறது கடல்ல பாரை மீனுக்குப் பாப்பர், அதாவது தண்ணி மேல மிதக்குற பொய் இரை, போடுற ஸ்பின்னிங் ராடுக்கான சாமான். கார்பன் ப்ளாங்க் (ராடோட வெறும் தண்டு), ரீல் சீட் (ரீல் உட்காருற இடம்), ரெண்டு ஈவிஏ ஃபோம் பிடி, பட் கேப் (அடிமூடி), டிப் டாப் (நுனி வளையம்). இதையெல்லாம் ஒட்ட எபாக்ஸி, அதாவது ரெசினையும் ஹார்டனரையும் கலந்து இறுக வைக்கிற பசை, வாங்கப் போறவங்க முதல்ல பார்க்கறது டப்பா மேல போட்டிருக்கிற பலத்தோட நம்பரைத்தான். ராடு வேலைக்கு அந்த நம்பர் பெருசா உதவாது. ஏன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

சீட் உட்காருற இடத்துல ப்ளாங்க் விட்டம் 15 மில்லிமீட்டர், சீட்டோட நீளம் 100 மில்லிமீட்டர்னு வெச்சுக்கோங்க. ஒட்டுற பரப்பு சுமார் 4,700 சதுர மில்லிமீட்டர் வரும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அரை கிலோதான் தாங்கும்னு ரொம்பக் குறைச்சுப் போட்டாலே ரெண்டு டன்னைத் தாண்டிடுது. அதுக்கு எவ்வளவோ முன்னாடி தூண்டில் நரம்பு அறுந்துடும். அப்புறம் ஏன் சீட் கழண்டு சுத்துது? கழண்டதை அறுத்துப் பாருங்க, பசை ஒரு சின்னத் திட்டுலதான் பிடிச்சிருக்கும். மீதியெல்லாம் காத்து, டேப், சுரண்டாம விட்ட பளபளப்பு. பசை எல்லா இடத்துக்கும் போய்ச் சேரணும், அங்கேயே நிக்கணும். அதுக்கு வேண்டியது வேலை செய்ய நேரமும், வழியாத கெட்டித்தன்மையும்.

நேரத்தை முதல்ல பார்ப்போம். டப்பாவுல 5 நிமிஷம்னு போட்டிருந்தா அது 25 டிகிரியை ஒட்டின கணக்கு. தோராயமா 10 டிகிரி ஏறினா நேரம் பாதியாகும். மே மாசம் சென்னையிலயோ தூத்துக்குடியிலயோ 35 டிகிரில கையில இருக்கறது ரெண்டரை நிமிஷம். ஒழுங்கா கலக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும். சீட் பாதி தூரம் போய் நின்னுட்டா முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. அதோட இந்த வேகமான எபாக்ஸிங்க பொதுவா தண்ணியையும் சூட்டையும் அவ்வளவா தாங்காது. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள ராடு கிடக்கும்னா இது முக்கியம். சீட்டுக்கும் பிடிக்கும் 30 நிமிஷத்துக்குக் குறைஞ்ச எதையும் எடுக்காதீங்க.

ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற அரால்டைட் ஸ்டாண்டர்டே இதுக்குப் போதும். ஒரு மணி நேரம்போல வேலை செய்யலாம், சூட்டுல அது பாதியாகும். இறுக ஒரு நாள். ராடு கட்டுறவங்களுக்குன்னே வர்ற பேஸ்ட் எபாக்ஸி, ஜெல் மாதிரி இருக்குமே, அது கிடைச்சா இன்னும் சுலபம். வெச்ச இடத்துல அப்படியே நிக்கும். என்கிட்ட கேட்டா பெரிய சீட்டுக்கு பேஸ்ட், சின்ன சீட்டுக்கு அரால்டைட்.

கலக்கறதுலதான் நிறைய பேருக்குச் சறுக்குது. அரால்டைட் ஸ்டாண்டர்ட் அளவுல 1-க்கு 1, ஆனா எடையில 100 கிராம் ரெசினுக்கு 80 கிராம் ஹார்டனர். ரெண்டோட அடர்த்தியும் வேற. தராசுல சமமா போட்டா ஹார்டனர் கூடிடும். வேற கம்பெனி, வேற விகிதம், லேபிளைப் படிங்க. ஹார்டனர் கொஞ்சம் கூடப் போட்டா சீக்கிரம் இறுகும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது பாலியெஸ்டர் ரெசின்ல வேலை செஞ்சவங்க பழக்கம். அங்க போடுறது வேதிவினையைக் கிளப்பிவிடுற பொருள். எபாக்ஸில ஹார்டனரே கட்டமைப்புல பாதி. அது கூடினா ஜோடி கிடைக்காத மிச்சம் உள்ளேயே தங்கி, பசை கொழகொழன்னு நிக்கும்.

எவ்வளவு கலக்கணும்? சீட்டோட உள் விட்டம் 18, ப்ளாங்க் 15-ன்னா நடுவுல இருக்கிற மொத்த இடம் 8 மில்லிக்குக் கொஞ்சம் கீழ. அதுல சீட் ஆடாம நடுவுல நிக்க ப்ளாங்க் மேல 10 மில்லிமீட்டர் அகலத்துல மூணு டேப் வளையம் சுத்தினா நிரப்ப வேண்டியது 5 மில்லிக்குக் கொஞ்சம் மேல. 7 மில்லி கலக்குங்க. கலந்ததைக் கப்புலயே விடாதீங்க. குவிஞ்சிருந்தா அதோட சூடே அதை வேகமா இறுக்கும். ஒரு டைல்ஸ் துண்டு மேல பரப்பி வைங்க, நேரம் நீளும். நேரம் வேணும்னு ட்யூபை ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கும், பசையும் தேன் மாதிரி கெட்டியாகி சரியா கலக்காது.

இப்ப அந்த டேப் வளையம். மாஸ்கிங் டேப்பை சீட்டோட முழு நீளத்துக்கும் சுத்தி மேல பசை தடவுறதை நிறைய பார்க்கிறோம். அப்ப சீட் ஒட்டினது டேப்போட, ப்ளாங்கோட இல்ல. டேப்போட கோந்துல தண்ணி ஊறினா மொத்தமும் சுத்த ஆரம்பிக்கும். மூணு ஒடுக்கமான வளையம் போடுங்க, நடுவுல இடைவெளி விடுங்க, ஒவ்வொரு வளையத்துலயும் நீளவாக்குல ஒரு கீறல் வெட்டி எடுத்துடுங்க, பசை அது வழியா ஒரு அறையிலேர்ந்து அடுத்த அறைக்குப் போகும். ரெண்டு ஓரத்துலயும் வளையம் விளிம்பு வரைக்கும் வர வேண்டாம். 5 மில்லிமீட்டர் உள்ள தள்ளி இருந்தா வெளிப்பக்கம் பசையே மூடி தண்ணியைத் தடுக்கும். இடைவெளி ஒரு பக்கத்துக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டினா டேப்பை விட்டுட்டு கெட்டி ஃபோம் ஆர்பர், அதாவது ப்ளாங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல நுழையற ஃபோம் குழாய், போடுங்க. அதைச் சுத்தி மெல்லிசா பசை போதும்.

பரப்புத் தயாரிப்பு. ப்ளாங்க்ல பசை படப்போற இடத்துக்கு மட்டும் டேப்பால எல்லை போட்டுட்டு 220 நம்பர் உப்புத்தாளால பளபளப்பு போற வரைக்கும் தேய்ங்க. கருப்பா தூள் வர ஆரம்பிச்சா நிறுத்திடுங்க, அது கார்பன் நாரு. சீட்டோட உள்பக்கம் பெரும்பாலும் நைலான் கலந்த பிளாஸ்டிக், பசைக்கு அது சுலபத்துல பிடி குடுக்காது. 60 இல்ல 80 நம்பர் தாளைக் குச்சில சுத்தி உள்ள நல்லா கீறல் விழத் தேய்ங்க. பாதி பேர் விடுறது இதைத்தான். அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால ரெண்டையும் துடைச்சு, காய்ஞ்ச பிறகு விரலால தொடாதீங்க.

பசையை ரெண்டு பக்கமும் போடணும். ப்ளாங்க்ல வளையங்களுக்கு நடுவுல நிரப்பி, சீட்டுக்குள்ள மெல்லிசா ஒரு பூச்சு. மெதுவா திருகிக்கிட்டே தள்ளுங்க. நேரா குத்தித் தள்ளினா பசை முன்னாடியே வழிச்சுக்கிட்டுப் போயிடும். சீட்டோட மரைக்கு முன்னாடியே டேப் சுத்தி வெச்சிருக்கணும். மரைக்குள்ள பசை போய் இறுகினா ரீலோட காலை இறுக்கிப் பிடிக்கிற ஹூட் அசையாது, அந்த சீட் போச்சு. ரீலை மாட்டி ப்ளாங்கோட வளைவுக்கு நேரா இருக்கான்னு கண்ணால பார்த்துச் சரி பண்ணிட்டு, வழிஞ்சதை ஆல்கஹால்ல துடைங்க. 15 நிமிஷம் கழிச்சு திரும்ப வந்து பாருங்க, கட்டாயமா இன்னும் கொஞ்சம் கசிஞ்சிருக்கும்.

ஈவிஏ பிடிக்கு ஓட்டை ப்ளாங்கை விட ஒண்ணு, ஒன்றரை மில்லிமீட்டர் சின்னதா இருக்கலாம், இழுத்துக்கும். பசையே வழுக்கிக் குடுக்கும், ஒரே மூச்சுல தள்ளிடணும். கார்க் அப்படி இழுக்காது, விரிசல் விடும். அதை ரீமரால சரியா உட்காருற அளவுக்குக் குடைஞ்சு, பசை இல்லாம ஒரு தடவை மாட்டிப் பார்த்துட்டு ஒட்டுங்க. பட் கேப்ல உள்ள அடைபட்ட காத்து அதை ராத்திரியில மெல்ல வெளிய தள்ளும். டேப் போட்டு இழுத்துக் கட்டி வைங்க.

டிப் டாப்புக்கு எபாக்ஸியே வேண்டாம். அது உடையறதும் மாத்தறதும் சகஜம். சூடு காட்டினா இளகுற டிப் டாப் பசைக்குச்சி போதும். தீயை உலோகக் குழாய்ல மட்டும் காட்டணும், ப்ளாங்க்ல பட்டா உள்ள இருக்கிற ரெசின் கெட்டுடும்.

கைடுங்க, அதாவது நரம்பு ஓடுற வளையங்களை ப்ளாங்க்ல கட்டுற நூல் மேல பூசுறது தனி எபாக்ஸி. ஃப்ளெக்ஸ் கோட் மாதிரி, தண்ணியா ஓடி சமமாகி, இறுகினப்புறமும் ராடோட வளையற வகை. அரால்டைட்டை அங்க பூசினா மேடு பள்ளமா நிக்கும், மஞ்சளாகும். அதே மாதிரி பூச்சு எபாக்ஸியால சீட்டை ஒட்டினா இறுகுறதுக்குள்ள வழிஞ்சு வெளிய வந்துடும். பூச்சுக்கு அளக்க மருந்துக்கடை சிரிஞ்ச் எடுக்காதீங்க, உள்ள இருக்கிற சிலிக்கோன் எண்ணெய் பூச்சுல மீன்கண் மாதிரி குழி விழவைக்கும். இந்தப் பூச்சைப் பத்தி ஒரு முழு வீடியோவே போடணும், இங்க இவ்வளவு போதும்.

நைட்ரைல் க்ளவுஸ் போடுங்க. எபாக்ஸி அலர்ஜி ஒரு தடவை வந்துட்டா வாழ்நாள் முழுக்க இருக்கும். கையில பட்டா சோப்புத் தண்ணிதான், ஆல்கஹால் ஊத்திக் கழுவினா அது தோலுக்குள்ளதான் இறங்கும்.

கடைசியா, டைல்ஸ்ல மிச்சமிருக்கிற பசையைத் தூக்கிப் போடாம ராடு பக்கத்துலயே வைங்க. ஒரு நாள் கழிச்சு அதுல நகத்தை அழுத்துங்க. தடம் விழலைன்னா கைடு கட்ட ஆரம்பிக்கலாம், கடலுக்குக் கொண்டுபோக இன்னும் ரெண்டு மூணு நாள் விடுங்க. ரெண்டு நாள் ஆகியும் தடம் விழுதுன்னா கலவை தப்பு, ஒரு மாசம் காத்திருந்தாலும் அது இறுகாது. கெட்டில கொதிக்கிற தண்ணியோட ஆவியைச் சீட் மேல சுத்திச் சுத்திக் காட்டி, இளகினதும் திருகி வெளிய எடுத்து, ஆல்கஹால்ல துடைச்சு, திரும்ப உப்புத்தாள்லேர்ந்து ஆரம்பிங்க.