ஒரு தண்ணீர் கேனும் மூன்று மாடியும்: உடம்புக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள்?

எல்லோருக்கும் வணக்கம். மூச்சு வாங்குகிறது, ஒரு நிமிடம். இப்போதுதான் மூன்று மாடி ஏறி வந்தேன், தோளில் 20 லிட்டர் தண்ணீர் கேன். லிஃப்ட் கெட்டு நான்கு நாள் ஆகிறது. கேன் போடுகிற தம்பி, "அண்ணா, லிஃப்ட் சரியானதும் சொல்லுங்க, மேலயே கொண்டு வந்து தர்றேன்" என்று கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது, அவருக்கும் முதுகு இருக்கிறது.

இன்றைக்கு உடலின் உறுப்பு மண்டலங்களைப் பற்றிப் பேசலாம் என்று ஏற்கெனவே நினைத்திருந்தேன். காரணம் என் அக்கா பையன். ஆறாவது படிக்கிறான், நாளைக்குப் பரீட்சை. நேற்று எதிரே நின்று கண்ணை மூடிக்கொண்டு, "எலும்பு மண்டலம், தசை மண்டலம், செரிமான மண்டலம், சுவாச மண்டலம்" என்று டவுன் பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வதுபோல ஒப்பித்தான். ஒன்றுகூட விடவில்லை. சரிடா, கணையம் எதில் வரும் என்றேன். செரிமானம் என்றான். இன்சுலின் எங்கே சுரக்கிறது? கணையம். இன்சுலின் ஹார்மோன்தானே, அப்படியென்றால் அது நாளமில்லாச் சுரப்பி மண்டலம் இல்லையா? பையன் அப்படியே நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "அப்போ கணையத்துக்கு ரெண்டு வீடா மாமா?"

ரெண்டு வீடுதான். நான் டாக்டர் இல்லை, விலங்கியல் படித்துவிட்டு டியூஷன் எடுக்கிறவன். இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: மண்டலம் என்று பிரித்துவைத்தது நாம், அதுவும் படிக்க வசதியாக. உடம்புக்கு அந்தப் பாடப் பிரிவெல்லாம் தெரியாது. அதனால் பட்டியலை மூடிவைத்துவிட்டு இந்தக் கேனோடு கீழே இருந்து ஏறுவோம்.

குனிந்து கேனைப் பிடிக்கிறேன். தூக்குவதற்கு முன்பே, ஐயோ மூன்று மாடியா என்று நினைக்கும்போதே இதயம் லேசாக வேகம் பிடித்துவிடுகிறது. மூளையின் உத்தரவு தண்டுவடம் வழியாகத் தசைக்கு வருகிறது, கை கால் நரம்புகளில் அது நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் எல்லா நரம்பும் அந்த வேகம் இல்லை. இரண்டாவது மாடியில் யாரோ வைத்திருந்த பூந்தொட்டியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டேன். இடித்தது உடனே தெரிந்தது. அந்தக் கடுகடுவென்ற வலி மட்டும் ஒரு நொடி தாமதமாக வந்தது. அந்த வலியைச் சுமக்கிற மெல்லிய நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் நகரும், நாம் நடக்கிற வேகம். கால்விரலில் இருந்து மேலே வரவேண்டும் இல்லையா? "இப்ப வலிக்கப் போகுது" என்று நமக்கே தெரிந்து பல்லைக் கடிக்கிறோமே, அந்த இடைவெளி இதுதான்.

எலும்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், 206 என்று எல்லோருக்கும் தெரியும். பிறந்த குழந்தைக்கு அதைவிட அதிகம், வளர வளரச் சில ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஆனால் எலும்பு வெறும் தூண் இல்லை. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு இவற்றுக்குள் இருக்கிற மஜ்ஜையில்தான் ரத்தச் சிவப்பணு உற்பத்தி, நொடிக்குச் சுமார் 20 லட்சம். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 120 நாள். பாருங்கள், முதல் பாடத்திலேயே ரத்த ஓட்டப் பாடம் உள்ளே நுழைந்துவிட்டது.

இப்போது மூச்சு. மூச்சை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டுகிறது, ஏன்? ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்றுதான் பத்துக்கு ஒன்பது பேர் சொல்வார்கள். முட்டவைப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. ரத்தத்தில் அது ஏற ஏற அமிலத்தன்மை கூடும், அதை மூளையின் அடியில் உள்ள முகுளம் கண்டுபிடித்து "மூச்சு விடு" என்று விரட்டும். இதை ஒரு காரணத்துக்காகத்தான் இழுத்துச் சொல்கிறேன். கிணற்றிலும் குளத்திலும் முங்கு நீச்சல் போட்டி வைக்கிற பையன்கள், குதிப்பதற்கு முன்னால் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து தடவை மூச்சை இழுத்து விடுவார்கள், ரொம்ப நேரம் தாங்கலாம் என்று. அதில் உள்ளே பெரிதாக ஆக்சிஜன் கூடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடுதான் வெளியே போய்விடுகிறது. எச்சரிக்கை மணியைக் கழற்றிவைத்துவிட்டு முங்குவது மாதிரி. முட்டல் வருவதற்குள் ஆக்சிஜன் குறைந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, இதயம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அடிக்கிறது. அதாவது இந்தக் கேனை 4 நிமிடத்தில் நிரப்பிவிடும். கடுமையாக உழைக்கும்போது 20 லிட்டர் வரை போகும், நிமிடத்துக்கு ஒரு கேன். உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே 5 லிட்டர்தான். அப்படியென்றால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும். இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுத்தான் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1628இல் ரத்தம் சுற்றுகிறது என்று வாதாடினார். அதற்கு முன்னால் ஐரோப்பாவில், சாப்பாட்டில் இருந்து கல்லீரல் புதிது புதிதாக ரத்தம் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் காட்டிய ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். இதோ, கையைக் கேமரா பக்கத்தில் கொண்டுவருகிறேன். கையைக் கொஞ்ச நேரம் தொங்கப்போடுங்கள், முன்கையில் பச்சையாகப் புடைக்கும். இந்த இடத்தில் சின்ன முடிச்சு மாதிரி தெரிகிறதா? அது வால்வு. மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக, அந்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். மேல் விரலை எடுத்துவிட்டேன். பாருங்கள், முடிச்சு வரைக்கும் ரத்தம் நிற்கிறது, அதற்குக் கீழே காலி. ரத்தம் திரும்பி வரவே இல்லை. இப்போது கீழ் விரலையும் எடுக்கிறேன்... நிரம்பிவிட்டது. ஒருவழிப் பாதை. எனக்கு வலது கையில் வராது, இடது கையில்தான் நன்றாக வரும். தெரியவில்லை என்றால் வெந்நீரில் கொஞ்சம் வைத்துவிட்டுப் பாருங்கள்.

இதற்கு நாம் வீட்டில் என்ன பெயர் சொல்கிறோம்? நரம்பு! "நரம்பே கிடைக்கலைன்னு நாலு இடத்துல குத்திட்டாங்க" என்போம். பாடப்புத்தகத்தில் நரம்பு என்றால் செய்தி கொண்டுபோவது, ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிற குழாய்க்குப் பெயர் சிரை. பிள்ளைகள் குழம்புவதில் பாதி இங்கேதான். காலில் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பதும் சிரைதான், வெரிகோஸ். காலில் இருந்து ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசை அந்தச் சிரைகளைப் பிழிந்து பிழிந்து அனுப்பவேண்டும். நடந்தால் பிழியும், ஒரே இடத்தில் நின்றால் பிழியாது. ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிற பெண்களின் கால் வீங்குவது இதனால்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள்.

மூன்றாவது மாடி வந்துவிட்டது, சட்டை நனைந்துவிட்டது. வியர்வை ஆவியாகும்போதுதான் தோல் குளிரும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அது ஆவியாவதே இல்லை, வழிகிறது, அவ்வளவுதான். தண்ணீர் குறைந்ததை மூளை கவனித்து, ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விட்டுச் சிறுநீரகத்திடம் "தண்ணீரை விடாதே" என்று சொல்லிவிடும், அதனால்தான் சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்கு வடிகட்டுவது சுமார் 180 லிட்டர், ஒன்பது கேன். வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான், மிச்சம் முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இப்படி ஒரு கஞ்சனை நான் பார்த்ததில்லை.

இனப்பெருக்க மண்டலத்துக்கு மாடி ஏறுவதில் வேலை இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்திலும் அதை "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று விட்டுவிடுவார்கள், அது வேறு கதை, தனியாகப் பேசவேண்டும்.

கணையத்துக்கு வருகிறேன். சாப்பாடு குடலுக்கு வந்ததும் கணையம் சாறு விடுகிறது, அதற்கு யார் சொல்வது? நரம்புதான் என்று நினைத்திருந்தார்கள். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு பேர், ஒரு நாயின் குடலில் ஒரு பகுதிக்குப் போகிற நரம்பையெல்லாம் அறுத்துவிட்டு அதில் அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையம் சாறு விட்டது. அப்படியென்றால் தகவல் ரத்தம் வழியாகப் போயிருக்கிறது. குடலே ஒரு பொருளைச் சுரந்து ரத்தத்தில் அனுப்புகிறது. அதற்கு செக்ரெடின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் பயன்படுத்தியது அதற்குப் பிறகு, 1905இல். ஆக, நாளமில்லாச் சுரப்பிப் பாடம் பிறந்ததே செரிமானப் பாடத்துக்குள்தான்.

இதைப் பையனிடம் சொன்னேன். "அப்போ ரெண்டு பட்டியல்லயும் கணையத்தை எழுதிடவா மாமா?" என்றான். எழுதுடா என்றேன். மிஸ் மார்க் போடுவாரா என்று தெரியாது, போடவில்லை என்றால் அக்கா என்னைத்தான் கேட்பாள். கீழே இன்னொரு கேன் வேறு இருக்கிறது. போய் எடுத்துக்கொண்டு வருகிறேன்.