தடுத்தால் இசை நிற்காது, பேச்சுதான் நிற்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்கிறேன். கல்லூரி முடித்த பிள்ளை வந்து நிற்கிறது. கச்சேரியும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை, வீட்டில் யாருக்கும் சட்டென்று விளங்காத ஓர் இசையைத் தொழிலாக எடுக்கப்போகிறேன் என்கிறது. பெற்றவர்கள் தோள் கொடுக்க வேண்டுமா, தடுத்து நிறுத்த வேண்டுமா? நாங்கள் தோள் கொடுக்கும் அணி. எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். இசையில் ஜெயிப்பவர் ஒரு சிலரே. பெற்றோரின் சேமிப்பு கரைந்துவிடும். அவ்வளவு ஆசையென்றால் ஒரு வேலையில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் வாசிக்கட்டும். அரங்கமே கைதட்டியது. முதல் இரண்டுக்கு நானும் தட்டினேன்.

உண்மையைத்தானே சொன்னார்? அவர் விட்டுவிட்ட ஒன்றையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராயல்டி கணக்கில் அதற்கு இடமே கிடையாது. புதிதாக வருகிற பிள்ளைக்கு அந்த ஆயிரமே மலை. நானும் பதிலுக்கு மாண்டலின் சீனிவாஸ், கத்ரி கோபால்நாத் என்று, கர்நாடக மேடைக்கு அந்நியமாக இருந்த வாத்தியத்தோடு வந்து ஜெயித்தவர்களின் பெயரை அடுக்கலாம். அடுக்க மாட்டேன். அடுக்கினால், "பார்த்தீர்களா, விரல் விட்டு எண்ணிவிடலாம்" என்று எதிரணி என் பட்டியலையே என் மேல் எறியும்.

ஆக, இது கஷ்டமான தொழில் என்பதில் இரண்டு அணிக்கும் சண்டை இல்லை. கஷ்டம் என்று தெரிந்த பிறகு பெற்றோர் எங்கே நிற்பது என்பதில்தான் சண்டை.

தடுத்தால் என்ன நடக்கும்? மறுநாள் காலையே பிள்ளை லேப்டாப்பை மூடிவிட்டு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிவிடும் என்பதுபோல் எதிரணியில் பேசினார்கள். பத்து வயது என்றால் நடக்கலாம். நாம் பேசுவது இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி. அந்த வயதில் தடுத்தால் இசையை விடாது, உங்களிடம் உண்மையைச் சொல்வதை விட்டுவிடும். எங்கே போயிருந்தாய் என்றால் நண்பன் வீட்டுக்கு. பணம் எதற்கு என்றால் ஏதோ படிப்புக்கு. வீடு அமைதியாகத்தான் இருக்கும், நடுவர் அவர்களே. அந்த அமைதியைப் பார்த்து, பையன் திருந்திவிட்டான் என்று அப்பா நினைத்துக்கொள்வார்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் காகிதத்தில் வரும். இந்தத் தொழிலில் முதல் சில வருடங்களில் நல்ல திறமைசாலியே இடறி விழுவது ஒப்பந்தத்தில்தான். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புக்கு ஓர் உரிமை, அதைப் பதிவு செய்த ஒலிக்கு இன்னோர் உரிமை. இரண்டையும் தனித்தனியாக விற்கலாம், வாடகைக்கு விடுவதுபோல் காலம் குறித்தும் கொடுக்கலாம். ஒரு வீடியோ கேமுக்குப் பின்னணி இசை கேட்டு வாழ்க்கையின் முதல் வாய்ப்பு வருகிறது. பன்னிரண்டு பக்கம். ஒன்பதாவது பக்கத்தில், எல்லா உரிமையும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும், ஒரே தொகைக்கு என்று இருக்கிறது. சந்தோஷத்தில் இருக்கிற பிள்ளை ஒன்பதாவது பக்கத்தைப் படிக்குமா? கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடும்.

கடன் பத்திரமும் காப்பீட்டுப் பத்திரமும் படித்துப் படித்தே தலை நரைத்த ஓர் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால்? ஸ்வரம் ஒன்றுகூடத் தெரிய வேண்டாம். "இதே ட்யூனை இன்னொருத்தருக்குக் கொடுக்கலாமா, கூடாதா? பாக்கிப் பணம் எந்தத் தேதியில் வரும்? வேலை பாதியில் நின்றால் முன்பணம் நமக்கா அவர்களுக்கா?" என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். இதைக் கேட்கத் தெரிந்த இரண்டு பேர் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களைத்தான் எதிரணி வாசலுக்கு வெளியே நிறுத்தப் பார்க்கிறது.

தோள் கொடுப்பது என்றால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது என்று ஒருவர் கிண்டல் செய்தார். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனின் அம்மாவை அவருக்கு அறிமுகப்படுத்துகிறேன். ராபர்ட் ஷூமன் 1828-இல் லைப்சிக் நகருக்குச் சட்டம் படிக்கப் போனவர். கணவரை இழந்த அம்மாவுக்கு மகன் வக்கீலாக வேண்டும் என்று ஆசை. 1830-இல், இருபது வயதில், எனக்கு இசைதான் வேண்டும் என்று அவர் வீட்டுக்கு எழுதினார். அம்மாவுக்குப் பயம். கூடாது என்று பதில் போடவில்லை, சரி போ என்றும் விடவில்லை. பியானோ ஆசிரியர் பிரீடரிக் வீக்குக்கே நேராகக் கடிதம் எழுதினார். என் மகனுக்கு உண்மையிலேயே இதில் எதிர்காலம் உண்டா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று. மூன்று வருடத்தில் பெரிய பியானோ கலைஞன் ஆக்கிவிடலாம், ஆனால் ஒழுங்காக உட்கார்ந்து உழைக்க வேண்டும், சலிப்பூட்டும் இலக்கணப் பாடமும் படிக்க வேண்டும் என்று அவர் நிபந்தனையோடு பதில் போட்டார். ஆறு மாதம் பார்ப்போம் என்று ஏற்பாடானது. இதற்குப் பெயர் தலையாட்டுவதா?

அந்தத் திட்டம் அப்படியே பலிக்கவும் இல்லை. இரண்டே வருடத்தில் வலது கை விரல் கெட்டுப்போய் பியானோக் கனவு போயிற்று. அதன் பிறகுதான் உலகம் இன்று அறிந்த இசையமைப்பாளர் ஷூமன் வந்தார். (இதே வீக்தான் பின்னாளில், இவனுக்கு என் பெண்ணைத் தர மாட்டேன் என்று கோர்ட்டிலும் எதிர்த்து நின்றவர். இசைக்காரனுக்குப் பாடம் எடுப்பது வேறு, பெண் கொடுப்பது வேறு போலிருக்கிறது.)

இப்போது சேமிப்புக்கு வருகிறேன். முதுமைக்கு வைத்ததை உடைத்து ஸ்டுடியோ கட்டிக் கொடுங்கள் என்று எங்கள் அணியில் ஒருவரும் சொல்லவில்லை. எங்களால் முடிந்தது இவ்வளவு, இத்தனை மாதத்துக்கு, அதற்கு மேல் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவதும் ஆதரவுதான். அந்தக் காலம் முடிந்ததும் என்ன பார்ப்பது? புகழைப் பார்க்க வேண்டாம், அது கணக்குக்கு வராது. எத்தனை வேலையை முடித்துக் கொடுத்தாய், அதில் எத்தனைக்குப் பணம் வந்தது, ஒருமுறை வேலை கொடுத்தவர் மறுபடி கூப்பிட்டாரா? இது போதும்.

ஆனால் அந்த வேலை எப்படி இருக்கும் என்று பெற்றோர் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கிறாள். அதே நாலு விநாடி திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஒரு மேளச் சத்தத்தை ஒரு மயிரிழை முன்னால் நகர்த்துகிறாள், கேட்கிறாள், உதட்டைப் பிதுக்குகிறாள், பின்னால் நகர்த்துகிறாள். பாஸ் என்கிற கனத்த அடி ஒலி கொஞ்சம் குறைகிறது. மறுபடி அதே நாலு விநாடி. வாசலில் நிற்கும் அம்மாவுக்கு இது பொழுதுபோக்காகத் தெரிகிறது, ஏனென்றால் பெண் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அலுவலகத்தில் ஒருவர் அதே எக்செல் தாளை மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் அதற்குப் பெயர் உழைப்பு!

பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னொன்றும் கண்ணில் படும், அந்தப் பெண் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறாள் என்பது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழில் பாதுகாப்பில் சொல்லும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். இந்தத் தொழிலுக்கு முதல் மூலதனமே காது. ஒரு ஜோடி காதடைப்பான் வாங்கிக் கொடுக்கிற அப்பா, மேடையில் ஏறி மகளைப் புகழ்கிற அப்பாவைவிட அதிகம் செய்கிறார்.

மூன்றாவது, வேலையில் இருந்துகொண்டு வாசிப்பது. வேலைக்கு நாங்கள் எதிரியில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் ஓபரா, அதாவது இசை நாடகம், 1976-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் நிறைந்த கூட்டத்துக்கு நடந்தது. அது முடிந்ததும் அவர் திரும்பப் போனது டாக்சி ஓட்ட. அந்த வேலை இசைக்காக அவரே தேடிக்கொண்டது. எதிரணி சொல்லும் வேலை இசையை மறக்கடிக்க அடுத்தவர் தேடிக் கொடுப்பது. இரண்டுக்கும் சம்பளம் ஒன்றாகவே இருக்கலாம், அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். எனக்கு அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. தடுத்து நிறுத்திய வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பன்னிரண்டு பக்க ஒப்பந்தம் ஒருநாள் வரும். அதை அது யாரிடம் காட்டும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.