பின்மூடியில் ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானின் சீக்கோ நிறுவனத்துப் பழைய கைக்கடிகாரம் கையில் கிடைத்தால் பெரும்பாலும் டயலைத்தான் முதலில் பார்ப்போம். நான் திருப்பி, பின்மூடியைப் பார்ப்பேன். அதன் பிறப்புச் சான்றிதழே அங்கேதான் இருக்கிறது.

1969இல் வந்த 6139 வகையை எடுத்துக்கொள்வோம். உலகின் முதல் தானியங்கி குரோனோகிராஃப்களில், அதாவது நிறுத்துகடிகார வசதியும் சேர்ந்த கைக்கடிகாரங்களில், அதுவும் ஒன்று. மூடியில் 6139-6002 என்றிருந்தால் முதல் நான்கு இலக்கம் உள்ளே ஓடும் இயந்திரத்தைக் குறிக்கும், அடுத்த நான்கு வெளிக்கூட்டைக் குறிக்கும். அப்புறம் சீரியல் எண். அதன் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது இலக்கம் மாதத்தைக் குறிக்கும். அக்டோபருக்குச் சுழி, நவம்பருக்கு ஆங்கில எழுத்து 'என்' (N), டிசம்பருக்கு 'டி' (D).

சரி, முதல் இலக்கம் 9 என்றால் அது 1969ஆ, 1979ஆ? எழுபதுகளின் கடைசிவரை இதே வகை வந்துகொண்டிருந்ததே! இங்கேதான் ஒரு சொல் கைகொடுக்கிறது. ஆரம்ப காலக் கடிகாரங்களில் 'வாட்டர் ப்ரூஃப்' என்றிருக்கும். 1970 வாக்கில் அது 'வாட்டர் ரெசிஸ்ட்' ஆனது. தண்ணீர் ஒருபோதும் புகாது என்று எந்தக் கடிகாரத்துக்கும் உறுதி தர முடியாது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் நாளாக நாளாக விறைத்துக் கெட்டுவிடும். அமெரிக்க வர்த்தக ஆணையமும் 'ப்ரூஃப்' என்ற சொல்லை ஏற்கவில்லை. ஆக, 9இல் தொடங்கி 'ப்ரூஃப்' என்றும் இருந்தால் அது 1969தான். ஆனால் டயலிலும் அதே சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி மாற்றப்பட்ட கடிகாரங்கள் சந்தையில் நிறைய உண்டு.

எழுத்து மட்டுமல்ல, படமும் மாறியது. 1965இல் வந்த சீக்கோவின் முதல் டைவர் கடிகாரம், அதாவது நீரில் மூழ்குவோருக்கான கடிகாரம், 150 மீட்டர் ஆழத்துக்கானது. அதன் மூடியில் ஒரு டால்பின் துள்ளும். பின்னால் டைவர் கடிகாரங்களில் சுருண்டெழும் அலை அந்த இடத்தைப் பிடித்தது. 1976இல் வந்த 6309இல் அந்த அலையைப் பார்க்கலாம். எனக்கு டால்பின்தான் பிடிக்கும். சீக்கோவின் உயர்ரக வரிசையான கிராண்ட் சீக்கோவுக்கோ 1960 முதலே சிங்கம்.

இவையெல்லாம் மணிக்கட்டின் வியர்வையிலும் உராய்விலும் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. பளபளப்பு வேண்டும் என்று பாலிஷ் போடுகிறார்களே, அதில் மிச்சமும் போய்விடுகிறது. தயவுசெய்து பின்மூடிக்கு பாலிஷ் போடாதீர்கள். தேய்ந்த எண் தெரியவில்லையா? இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும். அழிந்துவிட்டதாக நினைத்த இலக்கம் பல சமயம் தெரிய வரும். வணக்கம்.