டைட்டில் பாட்டு இல்லாத டிவிடி

நண்பர்களே, வணக்கம்.

பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டதும், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்'. அமெரிக்காவில் 1962 செப்டம்பரில் சிபிஎஸ் சேனலில் தொடங்கி 1971 வரை ஓடிய தொடர். மொத்தம் 274 எபிசோடுகள். விமர்சகர்கள் பலர் ஆரம்பத்திலிருந்தே திட்டித் தீர்த்தார்கள். ஜனங்களோ முதல் இரண்டு சீசனிலும் அதைத்தான் நாட்டிலேயே முதலிடத்தில் வைத்தார்கள்.

என் கையில் இருப்பது அதன் மலிவு விலை டிவிடி. இதைப் போல எத்தனையோ சிறு கம்பெனிகள் போட்டிருக்கின்றன. அங்கே ஒரு டாலர் கடைகளில் கூடையில் குவித்து வைத்து விற்றார்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை. உள்ளே கருப்பு வெள்ளையில் சில எபிசோடுகள், அதுவும் வரிசை மாறி. போட்டுப் பார்த்தால் படம் மங்கல், ஒலியில் இரைச்சல். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. டைட்டில் ஓடுகிறது, அந்தப் பழைய லாரி ஓடுகிறது, கூரைமேல் கட்டிய நாற்காலியில் பாட்டி உட்கார்ந்திருக்கிறார், ஆனால் பாட்டைக் காணோம். அந்த இடத்தில் எங்கிருந்தோ எடுத்த ஒரு பொது இசையை ஒட்டியிருக்கிறார்கள். கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டின மாதிரி இருக்கிறது.

வெறும் பாட்டுதானே, போனால் போகட்டும் என்று சிலர் நினைக்கலாம். அப்படி விட முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

தொடரை உருவாக்கிய பால் ஹென்னிங்தான் அந்தப் பாட்டையும் எழுதினார். பாடியவர் ஜெர்ரி ஸ்காகின்ஸ். வாசித்தவர்கள் லெஸ்டர் ஃப்ளாட், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் ஜோடி. பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தை மூன்று விரலால் வாசிக்கும் ஸ்க்ரக்ஸின் பாணியை நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கொண்டுபோனதில் இந்தப் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஜோடி தனி இசைத்தட்டாக வெளியிட்டபோது, 1963 ஜனவரியில் கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புற வகை இசைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது.

பாட்டு சொல்வது இதுதான். ஜெட் கிளாம்பெட் என்று ஒரு ஏழை மலைவாசி. குடும்பத்துக்குச் சோறு போடவே திண்டாடுகிறவர். ஒருநாள் வேட்டைக்குப் போய்ச் சுடுகிறார். தரையிலிருந்து எண்ணெய் பொங்குகிறது. பணக்காரர் ஆகிவிடுகிறார். உடனே சொந்தக்காரர்கள் கூடிவந்து, உனக்கு இங்கே என்ன வேலை, கலிபோர்னியாவுக்குப் போ என்கிறார்கள். அவரும் லாரியில் மூட்டை முடிச்சை ஏற்றிக்கொண்டு பெவர்லி ஹில்ஸ் வந்து சேர்கிறார். அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த ஒரு நிமிடம் செய்யும் வேலையைப் பாருங்கள். பணத்தைத் தேடி அலைந்தவர் இல்லை இவர். பணம் தானாக வந்தது. ஊரை விட்டு வந்ததுகூட மற்றவர்கள் சொன்னதால்தான். இதை வாராவாரம் பார்வையாளர் காதில் போட்ட பிறகே ஹென்னிங் கதைக்குள் போகிறார். அதனால் கிளாம்பெட் குடும்பம் நீச்சல் குளத்தை 'சிமென்ட் குளம்' என்னும்போதும், பில்லியர்ட்ஸ் மேசையைப் பெரிய மனிதர்கள் சாப்பிடும் மேசை என்று நினைத்துச் சுற்றி உட்கார்ந்து, பந்தைத் தள்ளும் கோலால் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒருவருக்கொருவர் தள்ளிவிடும்போதும், நாம் அவர்கள் பக்கத்திலிருந்து சிரிக்கிறோம். சிரிப்புக்கு ஆளாகிறவர் பக்கத்து வீட்டு வங்கி முதலாளி டிரைஸ்டேல். ஜெட் தன் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று எந்நேரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு, அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற மனிதர் அவர்.

பாட்டை எடுத்துவிட்டு, நடுவிலிருந்து ஏதோ ஓர் எபிசோடைப் போட்டுப் பாருங்கள். விவரம் தெரியாத பட்டிக்காட்டுக் கூட்டம் ஒன்று மாளிகையில் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். எதற்கு வந்தார்கள், எப்படி வந்தார்கள், ஒன்றும் தெரியாது. அப்போது சிரிப்பு அவர்கள் மேலேயே போய் விழுகிறது. தொடரின் மனசையே மாற்றிவிடுகிற குறை இது.

ஹென்னிங்கின் மனசு எது என்பது முதல் எபிசோடிலேயே இருக்கிறது. ஊரை விட்டுப் போகலாமா என்று ஜெட் தன் சொந்தக்காரி பேர்லிடம் யோசனை கேட்கிறார். அந்த அம்மாள் அடுக்குகிறார்: அடுத்த வீடு எட்டு மைலுக்கு அப்பால், சுற்றிலும் காட்டு விலங்குகள், மண்ணெண்ணெய் விளக்கு, விறகு அடுப்பு, வீட்டில் காய்ச்சிய சாராயம், வீட்டில் செய்த சோப்பு, கழிப்பறை ஐம்பது அடி தள்ளி. இதற்கு மேலும் போகலாமா என்று கேட்கிறாயே என்கிறார். ஜெட் நிதானமாக யோசித்துவிட்டு, நீ சொல்வது சரிதான், இதையெல்லாம் விட்டுப் போகிறவன் முட்டாள்தான் என்கிறார். ஜெட்டாக நடிக்கும் பட்டி எப்சன் அதைத் துளியும் நகைச்சுவை காட்டாமல் சொல்வதைப் பார்க்க வேண்டும். ஜெட் தன் வாழ்க்கையில் ஒரு குறையும் கண்டதில்லை.

சரி, பாட்டு எப்படிக் காணாமல் போனது? அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை முதலில் 28 ஆண்டுகள்தான். அந்த 28ஆவது ஆண்டில் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். தொடரைத் தயாரித்தது ஃபில்ம்வேஸ் நிறுவனம். அது பிறகு ஓரியன் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தபோது கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். முதல் சீசனின் 36 எபிசோடுகளும் இரண்டாம் சீசனில் 19ம், ஆக 55 எபிசோடுகள் பொதுச்சொத்தாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் டிவிடி போடலாம். ஆனால் பாட்டுக்கு உரிமை தனி. அது உயிரோடு இருந்தது. அதற்குக் காசு கொடுப்பதற்குப் பதில் பாட்டையே நறுக்கிவிட்டார்கள்.

1992இல் சட்டம் மாறியது. 1964 முதல் 1977 வரை வெளியான படைப்புகளுக்குப் புதுப்பிப்பு தானாகவே நடக்கும் என்று ஆனது; 95 ஆண்டு பாதுகாப்பு என்பது 1998இல் வந்தது. 1964க்கு முந்தைய சிலதுதான் இப்படி நழுவியவை.

இந்த நழுவலை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். மலிவாகக் கிடைத்ததால்தான் பல வருடம் இந்தத் தொடர் மறக்கப்படாமல் இருந்தது. இந்த மங்கிய பிரதியிலும் அழியாத ஒன்று இருக்கிறது: பாட்டியாக வரும் ஐரீன் ரயன். ஜெட்டின் மாமியார் வேடம். உண்மையில் அவருக்கும் மருமகனாக நடித்த எப்சனுக்கும் ஆறு வருடம்கூட வித்தியாசம் இல்லை. சின்ன உடம்பு, வெடுக்கென்ற நடை, முகவாயைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும் நிற்பு. முகமே சரியாகத் தெரியாத காட்சியிலும் தோளை வைத்தே அவருடைய கோபத்தைச் சொல்லிவிடலாம். இந்த அம்மாளுக்காகவே இந்த டிவிடியைத் தாராளமாக வாங்கலாம்.

ஆனால் இதோடு நின்றுவிடாதீர்கள். அசல் படச்சுருள்கள் ஹென்னிங்கின் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்தன. 2005 மார்ச்சில் அவர் காலமானார். அதற்கு முன்பே டிவிடி போட எம்பிஐ நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருந்தார். அந்த ஆண்டின் இறுதிவாக்கில் அவர்களின் தொகுப்பு வெளிவந்தது. வெட்டாத எபிசோடுகள், அசல் பாட்டு, அன்றைய விளம்பரதாரர் அறிமுகங்கள் எல்லாம் அதில் உண்டு. ஒளிபரப்பாகாத முன்னோட்ட எபிசோடும் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான். கூடுதலாகக் கொடுப்பது பாட்டுக்கான காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று திரையிடலும் அதிலிருந்துதான். முதலில் முதல் எபிசோட், பாட்டோடு. அப்புறம் அதே சீசனில் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் தங்கள் சொந்தப் பெயரிலேயே ஜெட் வீட்டுக்கு விருந்தாளிகளாக வரும் எபிசோட். ஸ்க்ரக்ஸ் வாசிக்கும்போது அவர் வலது கையைக் கவனியுங்கள்.